மோட்டாரை நிறுத்து

என் வீட்டுக்காரர் ஒரு ராக் பாடகர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும், "சரி, ஆபீஸ் எங்கே?" என்பார்கள். தில்லியில் நம்மவர்களுக்கு மனிதன் என்றால் அவனுக்கு ஒரு மினிஸ்ட்ரி இருக்க வேண்டும். விவசாயமா, நிதியா, உள்துறையா என்று தெரிந்துகொண்டால்தான் அவர்களுக்குக் காப்பி உள்ளே இறங்கும். ராக் எந்த பவனில் எந்த மாடியில் இருக்கிறது என்று நான் எங்கே போய்ச் சொல்வது!

பெயர் ஜம்புநாதன். சுருக்கமாக ஜம்பு. புருஷன் பெயரை இப்படி மொட்டையாக எழுதலாமா என்று என் மாமியார் ராஜம் கேட்பார். அவருக்கென்ன, பிள்ளையை என் தலையில் கட்டிவிட்டு மாமனாரோடு ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு அறை அரசாங்க வீட்டில், ஒரு எலெக்ட்ரிக் கிடாரோடும் பீரோ உயர ஸ்பீக்கரோடும் குடித்தனம் செய்தது நான். அந்த வீடும் என் பேரில்தான் இருந்தது. லோதி ரோடு, இரண்டாவது மாடி, சுபாஷிணி, அப்பர் டிவிஷன் கிளார்க். சர்க்காரை எதிர்த்து அவர் எழுதிய பாட்டுகள் எல்லாம் சர்க்கார் கூரையின் கீழ்தான் பிறந்தன.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் தட்சிணாமூர்த்தி மாமா. எங்கள் காலனி பஜனை கோஷ்டியின் தலைவர், ரிடையர் ஆன அண்டர் செக்ரட்டரி. நான் பரீட்சை எழுதி வேலை கிடைத்து, மாயவரத்திலிருந்து வந்து பெண்கள் ஹாஸ்டலில் காய்ந்த சப்பாத்தி தின்றுகொண்டிருந்தேன். மாமா என் அப்பாவுக்கு டிரங்கால் போட்டு, "பையனுக்கு சங்கீதத்துல அபார ஞானம். நரம்பு வாத்தியம்" என்றிருக்கிறார். வீணையாக்கும் என்று அப்பா மாயவரத்தில் நாலு பேரிடம் சொல்லி வைத்துவிட்டார். கல்யாண ரிசப்ஷனில் மாப்பிள்ளையே மேடையேறி அந்த நரம்பு வாத்தியத்தை மின்சாரத்தில் செருகினார். அடுத்த கணம் மண்டபத்தில் இருந்த அத்தனை கைக்குழந்தையும் ஒன்றாக வீரிட்டது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். "என்னம்மா இது?" என்று அப்பா என்னைக் கேட்டார். தாலி கட்டியாயிற்று, நான் என்ன சொல்ல?

இது தொண்ணூற்று மூன்றில். அவர்களுடைய கோஷ்டிக்கு 'ஃப்யூஸ் கேரியர்' என்று பெயர். டிரம்ஸ் அடிக்கிற பண்ட்டி என்கிற பஞ்சாபிப் பையன் கரோல்பாக்கில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தான், பெயர் அங்கிருந்து வந்தது. பாட்டு எல்லாம் இங்கிலீஷ். பாடுவது ஜம்பு, எழுதுவது ஜம்பு, ஸ்பீக்கரை மூன்று சக்கர டெம்போவில் ஏற்றி இறக்குவதும் ஜம்பு. கல்லூரி விழா, நட்சத்திர ஹோட்டலில் புத்தாண்டு, முனிர்காவில் மாணவர்கள் போடும் தெருநாடகம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். முனிர்காவில் மட்டும் சமோசா கொடுத்தார்கள்.

ராக் ஒன்றோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். கலைஞனுக்கு ஒரு கலை போதாதாம். ஒரு குளிர்காலம் முழுக்க மண் பொம்மை செய்தார். பாத்ரூமில் களிமண், எங்கள் பக்கெட்டில் களிமண், என் தலையணை உறையில் களிமண். அப்புறம் நிழல் பொம்மலாட்டம் வந்தது. அதற்குப் பிறகு காலனிப் புறாக்களைப் பற்றி ஒரு குறும்படம். புறாக்கள் ஒத்துழைக்கவில்லை. கொசுவர்த்திக்கு ஒரு விளம்பரப் பாட்டுப் போட்டார், அது ரேடியோவில்கூட வந்தது. கொசுவின் குரலும் அவர்தான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் அப்பளமும் வாங்கி வரச் சொல்லி அனுப்பினால், ஓட்டை விழுந்த எனாமல் தட்டு ஒன்றோடு வந்து, "அரே சுபா, இதோட டோன் கேளேன்!" என்பார். "முருங்கைக்காயோட டோன் எப்படி இருந்தது?" என்று கேட்பேன். அன்றைக்கு வெறும் பருப்புக் குழம்பு. தட்டை அடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

கோபம் வரும், ஆனால் நிற்காது. அதுதான் என் தலையெழுத்து. அவர் குடிக்க மாட்டார், பொய் சொல்லத் தெரியாது, காலையில் காப்பி போட்டு என்னை எழுப்புவார். இப்படிப்பட்ட ஆளிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போட முடியும்?

ஒரு விழாவுக்கு நானும் போனேன். அது ஒரு கல்லூரி மைதானம், பிப்ரவரி வெயில், நல்ல கூட்டம். வெளிநாட்டுக்காரர்களின் பிரபலமான பாட்டை இவர்கள் வாசித்தவரை பிள்ளைகள் தலையை ஆட்டிக் குதித்தார்கள், கூடவே பாடினார்கள். "அடுத்தது எங்களோட சொந்தப் பாட்டு" என்று ஜம்பு மைக்கில் சொன்னதுதான் தாமதம், கூட்டம் அப்படியே எழுந்து சோலே பட்டூரே கடைப் பக்கம் போயிற்று. மேடைக்கு முன்னால் நானும், பாய் சுருட்டுகிற ஆளும் மிஞ்சினோம். அவன் பாயைச் சுருட்டிவிட்டுப் போனான்.

திரும்பும்போது ஆட்டோவில் ஜம்பு சொன்னார்:

"சுபா, ஒரே ஒரு தடவை. ஒரு கூட்டம் என் சொந்தப் பாட்டை என்கூடத் திருப்பிப் பாடணும். அவ்வளவுதான். அப்புறம் கிடாரைப் பரண்ல போட்டுட்டு நீ சொல்ற வேலைக்குப் போறேன்."

"நிஜமாவா சொல்றேள்?"

"கஸம் ஸே. ஐயப்பன் மேல சத்தியம்."

நான் சொல்கிற வேலை என்று ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில், கூட்டம் நடக்கும் ஹாலுக்கு மைக்கும் ஸ்பீக்கரும் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று என் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். இவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. அன்றிலிருந்து நான் வேண்டாத தெய்வமில்லை. பெண்கள் புருஷனுக்கு ஆயுள் கேட்பார்கள், பிரமோஷன் கேட்பார்கள். நான் என் புருஷனின் பாட்டு ஹிட் ஆக வேண்டும் என்று கேட்டேன், அதோடு அது தொலைய வேண்டும் என்று.

ஆனால் அவர் பாட்டு எனக்கே புரியவில்லையே! ஒரு நாள் சண்டையில் அதைச் சொல்லியும்விட்டேன். "இங்கிலீஷ்ல என்னமோ கத்தறேள். கட்டினவளுக்கே ஒரு வார்த்தை விளங்கலை, ஊருக்கு எப்படி விளங்கும்?" இதை இவ்வளவு ஆழமாக எடுத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. தமிழில் பாட்டு எழுத உட்கார்ந்துவிட்டார். தில்லியில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் எழுத்து கூட்டித்தான் படிக்க வரும். தமிழ்ப் பாட்டை ஹிந்தி எழுத்தில் எழுதினார்.

எதைப் பற்றி எழுதினார் என்றால், தண்ணீரைப் பற்றி. எங்கள் பிளாக்கில் தரைத்தளத்தில் பாலசுப்ரமணியம் என்று ஒருவர். குடியிருப்போர் சங்கத் தலைவர். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவார், அவர் தொட்டி நிரம்பித் தோட்டத்தில் ரோஜாவுக்கும் பாயும். இரண்டாம் மாடிக்குக் காற்றுதான் வரும். தினமும் காலையில் நான் பால்கனியில் குனிந்து, "மோட்டாரை நிறுத்துங்கோ!" என்று கத்துவேன். அவருக்குக் காது கேட்காது. சங்கத் தேர்தல் அன்று மட்டும் நன்றாகக் கேட்கும். ஜம்பு என்னுடைய அந்தக் கத்தலை எடுத்துப் பாட்டாக்கியிருந்தார். பக்கெட் மட்டும் ஹிந்தி 'பால்டி'யாகவே இருந்தது.

"பால்டி காலி, கொடம் காலி, மோட்டாரை நிறுத்து!
பல்லு தேய்க்க சொட்டு இல்லே, மோட்டாரை நிறுத்து!"

"நான் முதல் பாதி பாடறேன், நீ 'மோட்டாரை நிறுத்து' மட்டும் திருப்பிப் பாடு. எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றார்.

"ஏன்னா, எனக்கு வேற வேலை இல்லையா? நான் தினம் பாடற பாட்டுதானே இது, சம்பளம் இல்லாம" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கீழே தெருக்குழாய்க்குப் போனேன். அப்புறமும் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தார். நான் பாடவில்லை. பண்ட்டிக்குத் தமிழ் வராது. அந்தப் பாட்டு எந்த மேடையும் ஏறாமல் கிடந்தது.

இரண்டாயிரத்து ஒன்று டிசம்பர். காலனியில் ஐயப்ப பூஜை, பார்க்கில் ஷாமியானா. பஜனை கோஷ்டியின் பழைய மைக் செட் முதல் சரணத்திலேயே புகைந்துபோக, தட்சிணாமூர்த்தி மாமா எங்கள் வீட்டு மாடியேறி வந்து, "ஜம்பு, உன் ராட்சசப் பெட்டியைக் கொண்டாடா" என்றார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. நாலைந்து வருஷமாகவே தில்லியில் ராதா கல்யாணமோ சீமந்தமோ எது நடந்தாலும் ஃப்யூஸ் கேரியரின் ஸ்பீக்கர்தான் போகும். பாட்டை வேண்டாம் என்றவர்கள் எல்லாம் பெட்டியை வேண்டும் என்பார்கள். ஜம்பு கம்பியெல்லாம் செருகி, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கக் கிடாரையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அன்றைக்குப் பாட வேண்டியவர் சென்னையிலிருந்து வருகிற ஒரு பாகவதர். மூடுபனி. ரயில் ஜான்சிக்கு அப்பால் எங்கேயோ நிற்கிறது என்று செய்தி வந்தது. பூஜை முடிகிற வரை பஜனை ஓயக் கூடாது. உள்ளூர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தெரிந்ததைப் பாடித் தீர்த்தார்கள். மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் மைக் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜம்பு பட்டார்.

"ஜம்பு, நீ ஒண்ணு எடுத்து விடுடா."

"மாமா, எனக்குத் தமிழ்ல ஒரே பாட்டுதான் தெரியும். அது சாமி பாட்டு இல்லை."

"தமிழ்தானே? பகவானுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஆரம்பி, ஜல்தி!"

பஜனை பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்னால் உட்கார்ந்தவர் ஒரு வரி சொன்னால் கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். அவர் வேகம் கூட்டினால் கூட்டமும் கூட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த பாட்டை நடுவில் விடக் கூடாது, அபசாரம். இந்த விஷயத்தில் தட்சிணாமூர்த்தி மாமா கண்டிப்பானவர். ஒரு வருஷம் ஷாமியானாவின் ஓரத்தில் கற்பூரம் பட்டுத் தீப்பிடித்தபோது, பாட்டை முடித்துவிட்டுத்தான் அணைக்க விட்டார்.

ஜம்பு கிடாரை மடியில் வைத்து மெதுவாக ஆரம்பித்தார். "பால்டி காலி, கொடம் காலி, மோட்டாரை நிறுத்து!"

பாதி பேர் கண்ணை மூடி ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், அப்படியே திருப்பிச் சொன்னார்கள்: "மோட்டாரை நிறுத்து!" இரண்டாவது வரியில்தான் சிலர் கண்ணைத் திறந்தார்கள். மாமாவின் வாய் திறந்தது, மூடியது. ஆனால் பாட்டு எடுத்தாயிற்றே! நிறுத்து என்று சொல்ல அவரால் முடியவில்லை. ஜம்பு வேகம் கூட்டினார். மிருதங்கம் தானாகத் தொற்றிக்கொண்டது. "கீழே ரோஜா குளிக்கிறது, மோட்டாரை நிறுத்து! மேலே ராஜம் பேரன் நாறறது, மோட்டாரை நிறுத்து!" என் மாமியார் ராஜத்துக்குப் பேரன் கிடையாது, எங்களுக்குக் குழந்தை இல்லை. எதுகைக்காகப் போட்டாராம்.

முதல் வரிசையில் மாலை போட்ட ஐயப்ப சாமியாக உட்கார்ந்திருந்த பாலசுப்ரமணியத்தைப் பார்க்க வேண்டுமே! நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். எல்லோரும் பார்க்கிறார்கள், பாடாமல் இருந்தால் அபசாரம். தன் மோட்டாரை நிறுத்தச் சொல்லித் தானே கைதட்டிப் பாடினார். மேல் மாடி மாமிகள் எல்லாம் எத்தனை வருஷ வயிற்றெரிச்சலையோ தொண்டைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பின்னால் சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து நின்று கத்தினேன். என் கத்தல், என் வார்த்தை, முந்நூறு பேர் வாயில்! எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

பாட்டு முடிந்ததும் மாமா அவசரமாக சரணம் சொல்லிப் பரிகாரம் செய்தார். நடுராத்திரிக்கு மேல் பாகவதரும் வந்து சேர்ந்தார், ஸ்வெட்டரோடு. மறுநாள் முதல் இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் வந்தது. ராக் பாட்டால் நாட்டில் புரட்சி வந்தது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பாலசுப்ரமணியம் மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் மோட்டார் மறுபடி ஓடியது, அது வேறு கதை.

பூஜை முடிந்த மறுநாள் காலை, நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, ஜம்பு ஸ்டூலைப் போட்டு ஏறி, கிடாரைப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.

"என்ன பண்றேள்?"

"கூட்டம் பாடிடுத்தே. சத்தியம் சத்தியம்தான். அந்த வேலை இன்னும் இருக்கா, கேளு."

இருந்தது. சேர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, டிபன் டப்பா, நடந்து போகிற தூரம். சாயங்காலம் வந்து சீரியல் பார்ப்பார். களிமண் இல்லை, புறா இல்லை, எனாமல் தட்டு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. முருங்கைக்காய் கேட்டால் முருங்கைக்காய் வந்தது. பஞ்சப்படி எப்போது ஏற்றுவார்கள் என்று ஒரு நாள் என்னையே கேட்டார். அதுவரை அந்த வார்த்தை அவர் வாயில் நுழைந்ததில்லை. காலனியில் எல்லோரும், "சுபா, உன் பாடு விடிஞ்சுது" என்றார்கள். ஆமாம், விடிந்தது. கேட்ட வரம் அப்படியே கிடைத்தது.

எனக்குத்தான் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கிரைண்டர் போட்டால் அதன் சுருதியில் ஏதாவது முனகுவாரே, இப்போது கிரைண்டர் மட்டும் ஓடியது. மாவு ஒழுங்காக அரைபட்டது. ஒரு மனுஷன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், ஆனால் இல்லை. பண்ட்டி ஒரு தடவை வந்து, சோபாவில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, பரணைப் பார்த்துக்கொண்டே போனான்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. 'அந்தக் கூட்டம் உங்கள் பாட்டைப் பாடவில்லை, பழக்கத்தில் பாடியது. பால் கணக்கைப் பாடியிருந்தாலும் ஜால்ரா தட்டியிருப்பார்கள்' என்று சொன்னால் போதும், சத்தியம் செல்லாமல் போய்விடும், கிடார் இறங்கிவிடும். ஆனால் அவர் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல கச்சேரி அது. அதைப் பிடுங்கிக்கொண்டா கிடாரைக் கையில் கொடுப்பது? நாலு நாள் வாய்வரைக்கும் வந்து விழுங்கினேன். கடைசியில் வேறு வழி ஒன்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் பிடித்து முடித்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போய் அவர் எதிரில் நின்றேன்.

"ஏன்னா, உங்க சத்தியம் செல்லாது."

"ஏன்?"

"கூட்டம்னா முழுக்கூட்டமும் பாடணும். நான் பாடலை. பின்னாடி சுண்டல் மடிச்சிண்டிருந்தேன். ஆள் குறையறது, அதனால கணக்கு தீரலை. கிடாரை இறக்குங்கோ."

ஜம்பு டி.வி.யை அணைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாடினே."

"இல்லை."

"பாடினே சுபா. ரெண்டாவது வரியில சுருதி இறங்கித்து. கடைசியில ஒரு தாளம் முன்னாடியே கத்தினே."

அவர் குரலில் கேலியே இல்லை.

"அவா எல்லாம் ஏன் பாடினான்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன முட்டாளா? ட்ரெயின் டைம்டேபிள் பாடினாலும் பாடுவா. அதுக்காகவா பரண்ல வெச்சேன்? எத்தனை தடவை கேட்டும் பாடாதவ, அன்னிக்கு எழுந்து நின்னு பாடினே. போதும்னு தோணித்து. வெச்சுட்டேன்."

கீழே மோட்டார் ஓட ஆரம்பித்தது. குழாயில் வந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாகி நின்றது.

"ரெண்டாவது வரி தப்புன்னா," என்றேன், "சரியா சொல்லிக் கொடுங்கோ. கிடார் இல்லாம எப்படி சுருதி சேரும்?"

ஜம்பு எழுந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதற்கு ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடும். அவர் ஏற, நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.